அன்பு மட்டும் போதுமா?

(இளம் அறிவியல் – இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவி)

துணி நெய்து உலகுக்குக் கொடுத்த ஊர் நம் ஊர். காஞ்சிப் பட்டு மணமேடைக்கும் போகிறது. கோயில் கருவறைக்கும் போகிறது. மானம் காக்கவும் மங்கலம் காட்டவும் துணி தந்த இந்த ஊரில், 2020-ஆம் ஆண்டில் புதியதொரு கேள்வி எழுந்தது. உயிர் காக்கவும் துணி உதவுமா என்பதே அக்கேள்வி.

கேள்வி எழுந்தது காஞ்சியில்தான் என்று சொல்வதில் மிகையில்லை. தமிழ்நாட்டில் கொரோனா நோய் கண்டறியப்பட்ட முதல் மனிதர் காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவர். வெளிநாட்டிலிருந்து திரும்பிய அவருக்கு நோய் இருப்பது 2020 மார்ச் 7-ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. அவர் சென்னை அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்று நலமுடன் வீடு திரும்பினார். மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. தறிகள் நின்றன. கடைகள் பூட்டப்பட்டன. அப்போது ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் ஒன்றே ஒன்று. அது வீட்டு மூலையில் கிடந்த தையல் இயந்திரம்!

அந்தத் தையல் இயந்திரங்களைப் பற்றியும், அவை தைத்த முகக்கவசங்களைப் பற்றியும், அவற்றை யாருக்குக் கொடுத்தோம், யாருக்குக் கொடுத்திருக்கக் கூடாது என்பதைப் பற்றியும் என் கருத்தை இம்மலரில் முன்வைக்க விரும்புகிறேன். ஐந்தாறு ஆண்டுகள் கடந்துவிட்டனவே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று நண்பர்கள் கேட்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ஆம் நாள் அவசர நிலை முடிந்ததென்று அறிவித்துவிட்டது உண்மைதான். ஆனால் தீ அணைந்த பிறகுதான் கூரையைப் பற்றி நிதானமாக எண்ணிப் பார்க்க முடியும்.

எங்கும் பற்றாக்குறை

2020 மார்ச் 3-ஆம் நாளே உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. உலகெங்கும் மருத்துவப் பணியாளர்களுக்கு மாதந்தோறும் ஏறத்தாழ 8 கோடியே 90 லட்சம் முகக்கவசங்கள் தேவைப்படும்; உற்பத்தியை 40 விழுக்காடு உயர்த்த வேண்டும் என்று அது கூறியது. நம் நாட்டில் மார்ச் 13 அன்று முகக்கவசமும் கைத்தூய்மி மருந்தும் அத்தியாவசியப் பொருள்களாக அறிவிக்கப்பட்டன. மூன்றடுக்கு முகக்கவசம் 10 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று மார்ச் 21 அன்று மத்திய அரசு விலை வரம்பு விதித்தது. விலை கட்டுக்குள் வந்தது. ஆனால் பொருள் கடைக்கு வரவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் சாதாரண மக்களே. தமிழ்நாட்டு மகளிர் சுய உதவிக் குழுக்கள் தைத்தன. சிறைகளில் கைதிகள் தைத்தார்கள். வீடுகளில் தாய்மார்கள் தைத்தார்கள். 1918-ஆம் ஆண்டின் கொடிய காய்ச்சலின்போது அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கப் பெண்கள் வலைத்துணியில் கவசம் தைத்துத் தந்ததாகப் படிக்கிறோம். நூறாண்டுக்குப் பின்னும் ஆபத்து வந்தபோது மனிதகுலத்தின் கை ஊசியையும் நூலையும்தான் தேடியது.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டிலும் அது நடந்தது. அப்போது நான் பள்ளி மாணவி. அப்பாவின் தறியில் பாதி நெய்த புடவை அப்படியே நின்றிருந்தது. ஊடைக்கு நூல் வரவில்லை. முகூர்த்தப் புடவை கேட்க ஆளும் வரவில்லை. அம்மா அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். மிச்சம் பிடித்து வைத்திருந்த ரவிக்கைத் துண்டுகளும், துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தி வேட்டியும் அவர் கையில் மூன்று மடிப்புக் கவசங்களாயின. எலாஸ்டிக் கிடைக்காததால் பாவாடை நாடாவை வெட்டிக் காதுக்குக் கட்டினார். முதல் நாற்பது கவசங்களை எங்கள் தெருவில் குடியிருந்த செவிலியர் அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அந்த அக்கா இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு அவர் சொன்ன சொற்கள் இன்றும் என் காதில் இருக்கின்றன. "அக்கா, வீட்டிலேருந்து போக வர இதைப் போட்டுக்கிறேன். பிள்ளைங்களுக்கும் போட்டு விடறேன். ஆனா வார்டுக்குள்ளே இது போதாதுக்கா. அங்கே அவங்கதான் குடுக்கணும். குடுத்தாத்தான் உண்டு."

"குடுத்தாத்தான் உண்டு" என்ற அந்த ஒரு சொல்லில்தான் இக்கட்டுரையின் முழுப் பொருளும் அடங்கியிருக்கிறது.

அரசே சொன்ன எச்சரிக்கை

2020 ஏப்ரல் 3-ஆம் நாள் மத்திய சுகாதார அமைச்சகம் வீட்டிலே தைக்கும் முகக்கவசம் பற்றி ஓர் அறிவுரை வெளியிட்டது. சுத்தமான பருத்தித் துணியை எடுத்துக் கொதிநீரில் உப்பிட்டு அலசி உலர்த்தித் தைத்துக்கொள்ளலாம். ஆளுக்கு இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அணியலாம் என்றெல்லாம் அது கற்றுத் தந்தது. பலரும் இந்தப் பகுதியைத்தான் படித்தார்கள், பகிர்ந்தார்கள். அதே அறிவுரையில் இன்னொரு செய்தியும் இருந்தது. மருத்துவப் பணியாளர்களுக்கும், நோயாளிகளுடன் பழகுவோருக்கும், நோயாளிகளுக்கும் இந்தத் துணிக்கவசம் பரிந்துரைக்கப்படவில்லை. அவர்கள் தமக்கென வகுக்கப்பட்ட பாதுகாப்புக் கருவிகளையே அணிய வேண்டும் என்பதே அச்செய்தி.

அதாவது, மக்கள் மருத்துவப் பணியாளர்களுக்காக அன்போடு தைத்துக் கொண்டிருந்த அதே நாட்களில், அது அவர்களுக்கு ஏற்றதன்று என்று எழுத்தில் இருந்தது. ஏன் ஏற்றதன்று? இங்கேதான் அறிவியல் மாணவர்களாகிய நமக்கு வேலை இருக்கிறது.

வடிகட்டியின் இயற்பியல்

முகக்கவசத்தை நாம் சல்லடை என்று எண்ணுகிறோம். துளையைவிடப் பெரியது நிற்கும், சிறியது போகும் என்பது சல்லடையின் கணக்கு. வைரஸின் குறுக்களவு ஏறத்தாழ 0.1 மைக்ரான். நம் வேட்டித் துணியின் இழை இடைவெளி அதைப்போல் பல நூறு மடங்கு. சல்லடைக் கணக்கில் பார்த்தால் கொசுவலையைக் கட்டி மணலைத் தடுக்க முயல்வது போலத்தான்.

ஆனால் நல்ல வடிகட்டி சல்லடை போல வேலை செய்வதில்லை. பெரிய துகள் காற்று வளையும்போது தானும் வளைய முடியாமல் இழையில் மோதி ஒட்டிக்கொள்கிறது. மிகச் சிறிய துகள் காற்று மூலக்கூறுகளால் தள்ளப்பட்டு அங்குமிங்கும் அலைந்து இழையில் அகப்படுகிறது. நாம் வகுப்பில் படிக்கும் பிரௌனியன் இயக்கம்தான் அது. இரண்டுக்கும் நடுவில், ஏறத்தாழ 0.3 மைக்ரான் அளவுள்ள துகளே பிடிக்க அரிது. என்-95 என்னும் கவசம் அந்த அரிய துகளிலும் குறைந்தது 95 விழுக்காட்டைப் பிடிக்க வேண்டும் என்பது விதி. அதற்காக உருக்கி ஊதிச் செய்த பாலிபுரொப்பிலீன் இழைகளுக்கு நிலைமின்னூட்டம் ஏற்றுகிறார்கள். தலையில் தேய்த்த சீப்பு காகிதத் துணுக்குகளை இழுப்பது போல அந்த இழைகள் துகள்களை இழுத்துக்கொள்கின்றன. வீட்டுத் துணியில் இத்தகைய மின்னூட்டம் ஏது?

இதைவிடப் பெரிய குறை விளிம்பில் இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2020-இல் பல துணிகளைச் சோதித்தார்கள். நெருக்கமாக நெய்த பருத்தியோடு பட்டு அல்லது சிஃபான் சேர்த்த அடுக்குகள் ஆய்வகத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் துகள்களைத் தடுத்தன. பட்டு என்றதும் காஞ்சிக்காரர்களாகிய நம் மனம் குளிர்கிறது அல்லவா? ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. கவசம் முகத்தோடு ஒட்டாமல் சிறு இடைவெளி விட்டால், வடிகட்டும் திறன் 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிடும். பாவாடை நாடா கட்டிய கவசம் கன்னத்தோடு எவ்வளவு ஒட்டும் என்பதை நாமே கணித்துக்கொள்ளலாம்.

பட்டைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பருத்தி நீர்த்துளியை உறிஞ்சிக்கொள்ள, பட்டு அதை எளிதில் உள்ளே விடுவதில்லை என்று 2020-இல் எழுதினார்கள். இது நம் நெசவாளர்களுக்குப் புதிய செய்தியன்று. ஆயினும் ஆய்வகத்தில் ஒரு துணித்துண்டு தேறுவது வேறு. நோயாளியின் இருமலுக்கு எதிரே எட்டு மணி நேரம் வியர்வையில் நனைந்த முகத்தில் ஒரு கவசம் தேறுவது வேறு. ஊர்ப்பற்று அறிவியலுக்கு மாற்றாகிவிடக் கூடாது.

வியட்நாம் தந்த பாடம்

மருத்துவமனைக்குள் துணிக்கவசம் என்ன செய்யும் என்பதைக் கொரோனாவுக்கு முன்பே ஒரு நாடு சோதித்துப் பார்த்துவிட்டது. வியட்நாமின் ஹனோய் நகரில் 14 மருத்துவமனைகளில் 1,607 பணியாளர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2015-இல் வெளியாயிற்று. ஒரு பகுதியினர் துணிக்கவசமும், ஒரு பகுதியினர் மருத்துவ முகக்கவசமும் அணிந்தார்கள். துணி அணிந்தவர்களிடமே காய்ச்சல் தொற்று மிகுதியாகக் காணப்பட்டது. ஆய்வகச் சோதனையில் அந்தத் துணி வழியே ஏறத்தாழ 97 விழுக்காடு துகள்கள் ஊடுருவின. மருத்துவ முகக்கவசத்தில் 44 விழுக்காடு.

அந்த ஆய்வாளர்கள் அதே விவரங்களை 2020-இல் மீண்டும் அலசிப் பார்த்தார்கள். துணிக்கவசத்தைத் தாமே துவைத்துக்கொண்ட பணியாளர்களுக்குத் தொற்று அபாயம் ஏறத்தாழ இரு மடங்கு. மருத்துவமனைச் சலவையில் துவைத்துத் தரப்பட்டவர்களுக்கோ மருத்துவ முகக்கவசம் அணிந்தவர்களின் நிலையே இருந்தது. இந்தச் செய்தியைப் படித்தபோது நான் சற்று நின்றுவிட்டேன். இங்கே துணி மட்டும் குற்றவாளி அன்று. பன்னிரண்டு மணி நேரம் நின்று உழைத்து வீடு திரும்பும் ஒரு செவிலியர், சோறும் வடித்து, பிள்ளையையும் கவனித்து, தன் உயிர்க்கவசத்தையும் தானே கொதிநீரில் அலச வேண்டும் என்று விட்டுவிட்டோமே, அந்த ஏற்பாடுதான் குற்றவாளி.

ஒன்றுமில்லாததற்குத் துணி மேலல்லவா?

இதற்கு ஒரு மறுமொழி உண்டு. "நல்ல கவசம் இல்லாதபோது வெறும் முகத்தோடு போவதா? துணியாவது இருக்கட்டுமே" என்பார்கள். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 1910-ஆம் ஆண்டு மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியன் தே வலைத்துணியும் பஞ்சும் கொண்ட கவசத்தை மருத்துவர்களுக்கும் பணியாளர்களுக்கும் அணிவித்தார். அதை மறுத்து நோயாளிகளைப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி சில நாட்களில் நோய்ப்பட்டு இறந்தார். எனவே துணி பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் 1910-இல் உலகம் அறிந்த சிறந்த கவசம் அதுதான். அறிந்ததில் சிறந்ததை வூ லியன் தே கொடுத்தார். 2020-இல் உலகம் அறிந்தது என்-95. அறிந்ததில் சிறந்தது ஒன்றிருக்க, கிடைத்ததைக் கொடுத்து மனம் ஆறிக்கொள்வது எப்படிச் சரியாகும்? ஒரு நாள், ஒரு வாரம், வழியில்லாமல் துணி கட்டலாம். அது மாதக்கணக்கில் வழக்கமாகிவிடுவதுதான் ஆபத்து.

பொதுமக்களாகிய நமக்கு நிலைமை வேறு. நம் எச்சில் துளி பிறர்மேல் தெறிக்காமல் தடுப்பதே நம் கவசத்தின் முதல் வேலை. அதற்குத் துணி உதவும். தமிழ்நாடு அரசு 2020 ஜூலையில் குடும்ப அட்டைதாரர்களுக்கு ஆளுக்கு இரண்டு துணிக்கவசம் தரும் திட்டத்தைத் தொடங்கியதும் இந்த நோக்கில்தான். இங்கும் மிகையாகப் பேசக் கூடாது. வங்கதேசத்தில் 600 கிராமங்களில் நடந்த பெரிய ஆய்வில் மருத்துவ முகக்கவசம் தந்த ஊர்களில் பயன் தெளிவாகத் தெரிந்தது; துணிக்கவசம் தந்த ஊர்களில் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. ஆகவே மருத்துவ முகக்கவசத்தை மருத்துவமனைக்கு விட்டுக்கொடுத்து நாம் துணி கட்டிக்கொள்வதே முறை. என் அம்மா போன்றோர் தைத்த கவசங்களின் உண்மையான பயனும் அதுவே.

கைத்தட்டலும் காப்பீடும்

2020 மார்ச் 22-ஆம் நாள் மாலை ஐந்து மணிக்கு நாடே கைதட்டியது. தட்டுகளைத் தட்டினோம், மணி அடித்தோம். மார்ச் 26 அன்று, நோய்ப் பணியில் உயிரிழக்கும் மருத்துவப் பணியாளர் குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபாய் காப்பீடு அறிவிக்கப்பட்டது. அது நல்ல திட்டமே. வார்டு உதவியாளரையும் தூய்மைப் பணியாளரையும் சேர்த்துக்கொண்ட திட்டம். ஆனால் இறந்த பின் ஐம்பது லட்சம் தர ஒப்பும் நாடு, இருக்கும்போது சில நூறு ரூபாய்க் கவசம் தட்டின்றிக் கிடைக்க முன்னரே ஏற்பாடு செய்திருக்க வேண்டாமா?

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து தொண்டு செய்பவர் என்பன அவை. தொண்டு செய்பவரையும் மருத்துவரோடு ஒரே வரிசையில் வைத்த பெருமை அவருடையது. நாம் அந்த நான்காமவரைத்தான் எப்போதும் மறந்துவிடுகிறோம். கவசம் பங்கிடும்போது மருத்துவர் முதலிலும், செவிலியர் பிறகும், படுக்கை விரிப்பு மாற்றும் அம்மாவும் கழிவு அள்ளும் ஐயாவும் கடைசியிலும் நிற்கிறார்கள். வீட்டுத் துணிக்கவசம் கடைசியில் யார் முகத்தில் ஏறுகிறது என்று பார்த்தால், அது வரிசையின் கடைசியில் நிற்பவர் முகத்தில்தான்.

முயன்றால் முடியும் என்பதையும் அதே ஆண்டு காட்டியது. நோய் தொடங்கியபோது நம் நாட்டில் முழு உடற்கவசம் ஒன்றுகூடச் செய்யப்படவில்லை என்றும், இப்போது நாளொன்றுக்கு 2 லட்சம் உடற்கவசமும் 2 லட்சம் என்-95 கவசமும் செய்யப்படுகின்றன என்றும் மே 12 அன்று பிரதமர் தம் உரையில் கூறினார். உடற்கவசத் துணியைச் சோதித்துச் சான்று தந்ததில் கோயம்புத்தூரிலுள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்துக்குப் பெரும் பங்குண்டு. இரண்டு மாதத்தில் முடிந்தது, இரண்டு ஆண்டு முன்பே ஏன் முடியவில்லை? கேட்டு வாங்கும் ஏற்பாடு இல்லை; அவ்வளவே.

தைத்தவர்களையும் எண்ணுவோம்

செவிலியர் அக்காவுக்குத் தைத்ததற்கு என் அம்மா காசு கேட்கவில்லை; கேட்க நினைக்கவுமில்லை. சில வாரம் சென்று ஒருவர் வெட்டிய துணியை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டார். தைத்துத் தந்தால் கவசம் ஒன்றுக்கு இரண்டு ரூபாய் என்றார். நூலும் மின்சாரமும் எங்களுடையவை. அதே கவசம் கடையில் இருபது ரூபாய்க்குத் தொங்கியதை நான் பார்த்தேன். வீட்டில் அடுப்பு எரிய வேண்டியிருந்ததால் அம்மா தைத்தார்.

தொண்டு என்ற பெயரில் கூலி மறைந்துபோவதை நெசவாளர் குடும்பத்துப் பிள்ளைகள் நன்கு அறிவோம். பெண்கள் வீட்டில் இருந்து செய்யும் வேலை என்றாலே அது பொழுதுபோக்கு என்று எண்ணுகிறார்கள். பாவு புணைப்பதும் நூல் சுற்றுவதும் கூலிக் கணக்கில் வராமல் போனது போலவே, ஊரடங்கில் அவர்கள் மிதித்த தையலும் கணக்கில் வராமல் போயிற்று.

செய்ய வேண்டியவை

குறை சொல்வதோடு நின்றுவிடுவது மாணவருக்கு அழகன்று. என் சிற்றறிவுக்கு எட்டியவற்றைச் சொல்கிறேன். ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மூன்று மாதத் தேவைக்கு உரிய கவசங்கள் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். பழையன காலாவதியாகுமுன் அன்றாடப் பயனுக்கு எடுத்துப் புதியன சேர்க்க வேண்டும். நியாய விலைக் கடையில் அரிசி இருப்பைப் பலகையில் எழுதுவது போல இந்த இருப்பையும் எழுதி வைத்தால் எவரும் கேட்க முடியும். துவைத்து அணியும் துணி எதுவாயினும் அதன் சலவை மருத்துவமனையின் பொறுப்பாக இருக்க வேண்டும். கவசம் பங்கிடும்போது பதவியைப் பார்க்காமல் ஆபத்தைப் பார்க்க வேண்டும்.

தையல் தெரிந்த பெண்களுக்கும் இதில் இடம் உண்டு. சுய உதவிக் குழுக்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் சோதித்துத் தேர்ந்த துணியும், அளவு வார்ப்பும், முன்கூட்டியே பேசிய கூலியும் கொடுத்து வைத்தால், பொதுமக்களுக்கான கவசம் ஒரே வாரத்தில் ஊருக்குள்ளேயே தயாராகும். ஓர் இழை பிசகினாலும் கண்டுபிடிக்கும் கண்கள் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கோர்வைப் புடவையில் உடலையும் கரையையும் பிரிக்க முடியாதபடி இணைக்கும் கைகளுக்கு, முகத்தோடு ஒட்டும் விளிம்பு தைப்பது பெரிய காரியமா?

நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் அறிவுரைகளை முழுதாகப் படித்து, எளிய தமிழில் தெருத்தெருவாகச் சொல்லலாம். பாதியைப் படித்துப் பகிர்வது அறியாமையைவிடத் தீங்கானது. ஏப்ரல் 3 அறிவுரையின் மறுபாதியை எத்தனை பேர் படித்தோம்?

இந்தக் கல்லூரியில் என்னைப் போல வீட்டிலேயே முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்தவர்கள் பலர். நம் அண்ணன்மாரும் அக்காமாரும்தான் வார்டு உதவியாளர்களாகவும், ஆய்வக நுட்பநர்களாகவும், செவிலியர்களாகவும், தூய்மைப் பணியாளர்களாகவும் இருக்கிறார்கள். கவசம் தைத்தவர்களும் நம் வீட்டார்; கவசம் கிடைக்காமல் நின்றவர்களும் நம் வீட்டார். ஆகவே இது எங்கோ யாருக்கோ நடந்த கதையன்று.

அன்பாகத் தைத்துக் கொடுப்பது நம் பண்பு. அந்தப் பண்பு ஒருநாளும் குறைய வேண்டாம். ஆனால் அன்பைக் காட்டிக் கடமையை மறைக்க எவரையும் விடக் கூடாது. நோயாளியைத் தொடப் போகும் ஒருவருக்கு உரிய கவசம், நாம் இரங்கித் தரும் பரிசன்று. அவர் கேட்டுப் பெற வேண்டிய உரிமை. அடுத்த நோய் எப்போது வருமென்று எவருக்கும் தெரியாது. அது வரும் நாளில் "குடுத்தாத்தான் உண்டு" என்று இன்னொரு செவிலியர் சொல்லும் நிலை நம் ஊரில் இருக்கக் கூடாது. அதற்கான கேள்வியை நோயில்லாத இந்நாளிலேயே கேட்கத் தொடங்குவோம், நண்பர்களே!